ஹட்யாயில் மருந்துச் சீட்டு, பினாங்கில் சிறைக் கதவு

மருத்துவக் கஞ்சா விஷயத்தில் ஓர் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு சட்டங்கள். நடுவில் நிற்பது நோயாளி.

ஜோர்ஜ்டவுனில் மருத்துவக் கஞ்சா விற்கும் கடை எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடைகளில் இல்லை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து நோயாளிகள் விமானம் ஏறி வந்து காத்திருக்கும் பெரிய தனியார் மருத்துவமனைகளின் மருந்தகங்களிலும் இல்லை. இருக்கிறது என்று டெலிகிராமில் யாராவது ஆசை காட்டினால், அவர் விற்பது மருந்தாகவே இருந்தாலும் அதோடு சேர்ந்து ஒரு வழக்கும் உங்கள் வீட்டுக்கு வரும்.

ஆனால் காலையில் கொம்தார் பக்கம் வேன் ஏறி, பாலத்தைக் கடந்து, அலோர் ஸ்டார் தாண்டி, புக்கிட் காயு ஹீத்தாமில் கடப்பிதழில் முத்திரை வாங்கினால், மதியச் சாப்பாட்டுக்குத் தாய்லாந்தின் ஹட்யாய் போய்விடலாம். ரயில்தான் பிடிக்கும் என்பவர்களுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ரயில், அங்கிருந்து சயாம் ரயில். பினாங்குக் குடும்பங்களுக்கு இது பழகிய பாதை. பள்ளி விடுமுறை என்றால் ஹட்யாய், நீண்ட வார இறுதி என்றால் ஹட்யாய், கிம் யோங் சந்தையில் முந்திரிப் பருப்பு வாங்க ஹட்யாய். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த ஊர்த் தெருக்களில் புதிதாக ஒன்று முளைத்தது: பச்சை இலைப் படம் போட்ட கடைப் பலகைகள்.

அந்தக் கடைகளும் அவற்றைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்களும் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? மலேசியாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு வழி இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் அது ஏன் மூடியே கிடக்கிறது? இந்த வாரச் சிறப்புக் கட்டுரை இந்தக் கேள்விகளின் பின்னால் போகிறது.

கண்ணாடிக் குப்பிகளும் கதவில் ஓர் அறிவிப்பும்

2025ஆம் ஆண்டுக்கு முன் தாய்லாந்துக் கஞ்சாக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் பட்டது வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த மொட்டுகள். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் ரகத்தின் பெயர், போதை தரும் டி.எச்.சி. எத்தனை விழுக்காடு, கிராம் என்ன விலை. மேசை மேல் நகைக் கடையில் இருப்பதுபோல் ஒரு சின்ன மின் தராசு. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். இரவில் தூக்கம் வரவில்லையா, முதுகு வலியா, பசி எடுக்கவில்லையா என்று கேட்டு ஒரு குப்பியை எடுத்து நீட்டுவார்கள். கேட்பவர் பெரும்பாலும் மருத்துவம் படித்தவர் அல்ல, விற்பனையாள்தான்.

கதவருகே ஓர் அறிவிப்பும் இருக்கும். 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்பனை இல்லை. இந்த விதி 2022ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வாங்குகிறவருக்கு வேறு என்ன நோய், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், மனநோய் வரலாறு உண்டா என்று கேட்க மட்டும் அன்றைக்கு எந்த விதியும் இல்லை.

மருந்தகத்துக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. மருந்தகத்தில் உங்கள் நோய்க்கு ஏற்ப அளவு எழுதித் தருவார்கள். கடையில் உங்கள் பணப்பைக்கு ஏற்ப நிறுத்துத் தருவார்கள்.

ஏழே ஆண்டில் ஒரு முழு வட்டம்

தாய்லாந்தின் கதையை வரிசையாகப் பார்த்தால்தான் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது தெரியும்.

2018 டிசம்பரில் தாய்லாந்து நாடாளுமன்றம் கஞ்சாவை மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் அனுமதித்துப் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. தென்கிழக்கு ஆசியாவில் இதுவே முதல் முறை. தொடக்கம் நிதானமாகத்தான் இருந்தது. அரசு மருந்து உற்பத்தி நிறுவனம் எண்ணெய் தயாரித்தது. பிராச்சின்புரியில் மூலிகை மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற அபாய்புபேத் அரசு மருத்துவமனை இதில் முன்னே நின்றது. கஞ்சா சேர்ந்த 16 பாரம்பரிய மருந்து முறைகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. தூக்கத்துக்காகத் தரப்படும் 'சுக் சாய் யாத்' என்ற பொடி அவற்றில் ஒன்று. மன்னர் நாராய் காலத்து மருத்துவச் சுவடியிலேயே குறிப்புள்ள மருந்து அது.

மக்களின் தேவை சட்டத்தின் வேகத்துக்குக் காத்திருக்கவில்லை. சுபன்புரியில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிவந்த தேச்சா சிரிபட் தாமே எண்ணெய் காய்ச்சி நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார். 2019 ஏப்ரலில் அவருடைய அறக்கட்டளையில் சோதனை நடந்தபோது நாடே கொதித்தது. கடைசியில் அரசே அவரோடு சமரசம் செய்துகொண்டு, அவருடைய எண்ணெயைப் பாரம்பரிய மருத்துவ முறையில் சேர்த்துக்கொண்டது.

அதுவரை சட்டபூர்வமாக நடந்ததெல்லாம் மருத்துவமனைச் சுவருக்குள்தான். 2022 ஜூன் 9ஆம் தேதி சுவர் இடிந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்விரகுன் தேர்தலில் கொடுத்த வாக்குப்படி கஞ்சாச் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீங்கியது. வீடுகளுக்குப் பத்து லட்சம் செடி கொடுப்போம் என்று அரசு அறிவித்தது. கஞ்சா வழக்குகளில் சிறையிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். ஆனால் எப்படி விற்பது, யார் விற்பது, யாருக்கு விற்பது என்று சொல்லும் முழுமையான சட்டம் மட்டும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. பழைய சட்டம் போய்விட்டது, புதுச் சட்டம் வரவில்லை. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. அரசு மீண்டும் மீண்டும் மருத்துவத்துக்கு மட்டுமே என்றது. தெருவோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2025 ஜூனில் அனுதினின் பூம்ஜாய்தாய் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. அடுத்த வாரமே அப்போதைய சுகாதார அமைச்சர் சோம்சாக் தெப்சுத்தின் கையெழுத்தில் புது ஆணை வந்தது. கஞ்சாப் பூ கட்டுப்படுத்தப்பட்ட மூலிகை. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒரு முறைக்கு 30 நாள் தேவைக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆங்கில மருத்துவரும், தாய்ப் பாரம்பரிய மருத்துவரும், சீன மருத்துவரும், மருந்தாளரும், பல் மருத்துவரும் சீட்டு எழுதலாம். செப்டம்பரில் அனுதின் பிரதமராகவே ஆகிவிட்டார். ஆனாலும் 'மருத்துவத்துக்கு மட்டும்' என்ற கோட்டை அவர் அழிக்கவில்லை.

2018இல் மருத்துவமனையில் தொடங்கிய பயணம், தெரு முழுக்கச் சுற்றி, 2025இல் மருந்துச் சீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

பினாங்கு அறியாத சரக்கா இது?

கஞ்சா இந்தத் தீவுக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலைக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. அபின் ஒரு குத்தகை, சாராயம் ஒரு குத்தகை, கள் ஒரு குத்தகை. அந்தப் பட்டியலில் பாங்கும் இருந்தது. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சிப்பாய்களும், கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும், துறைமுகக் கூலிகளும் அதை வாங்கினார்கள். குத்தகை எடுத்தவர் லாபம் பார்த்தார், கம்பெனி வரி பார்த்தது. பயன்படுத்துகிறவனின் உடல்நிலையை யாரும் பார்க்கவில்லை. அரசு உரிமம் பெற்ற விற்பனை என்பது மருத்துவமாகிவிடாது என்பதற்கு இந்தத் தீவின் பழைய கணக்குப் புத்தகங்களே சாட்சி.

மருத்துவம் வேறு திசையிலிருந்து வந்தது. 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற ஐரிஷ் மருத்துவர் கஞ்சாவைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நாட்டு வைத்தியர்களிடமும் பழைய நூல்களிலும் விசாரித்து, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். முடக்குவாதம், காலரா, ரண ஜன்னி என்று பல நோய்களில் சோதித்தார். வலிப்பு வந்து துடித்த ஒரு கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாகக் கொடுத்ததையும் பதிவு செய்தார். அவர் வழியாகத்தான் ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குக் கஞ்சாச் சாறு போனது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துத் தொகுப்பில் 1942 வரை அது இருந்தது.

1893இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கஞ்சாவை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டது. மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத் தடை தேவையில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்று முடிவு சொன்னது. அந்த அறிக்கை அலமாரியில் தூங்கியது. 1925 ஜெனீவா மாநாட்டில் கஞ்சா உலகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை அதை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 59 ஆண்டுகள் ஆயின. 2020 டிசம்பர் 2ஆம் தேதி வியன்னாவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

எந்த நோய்க்கு வேலை செய்கிறது?

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மையான வேதிப்பொருள்கள் உள்ளன. மருத்துவத்துக்கு முக்கியமானவை இரண்டு. டி.எச்.சி. போதை தருவது, 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானி ரபேல் மெச்சூலம் குழு அதைப் பிரித்தெடுத்தது. சி.பி.டி. போதை தராதது. கடைக்காரரின் குப்பியில் எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவதின் விழுக்காடு. வலிப்பு நோய்க் குழந்தைக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

சி.பி.டி.யின் கதைதான் இன்றைக்கு மிகத் தெளிவான ஆதாரம் உள்ள கதை. டிராவெட் என்பது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கொடிய வலிப்பு நோய். வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் கேட்காது. 2017இல் வெளியான ஆய்வில், சி.பி.டி. கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மாதம் இடைநிலை அளவில் 12.4 முறை வந்த வலிப்பு 5.9ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. திரவ மருந்தை அனுமதித்தது. ஓஷானசி கல்கத்தாவில் ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, அதே வழியில் வந்த மருந்து சீசாவில் முறையாக அடைபட்டது. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது ஆண்டுச் செலவு ஏறக்குறைய 32,500 டாலர். அனுமதி கிடைத்தாலும் ஏழைக்கு எட்டாத விலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்ற நோய்களில் நிலைமை கலவையானது. 2017இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுச் சுருக்கங்களைப் பரிசீலித்தன. பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் குமட்டல், மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் வலுவான ஆதாரம் உண்டு என்றன. 2021இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கமோ, வலிக்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோயை அழிக்கும் என்று வாட்ஸ்அப்பில் உலவுவதற்கெல்லாம் எந்த அடிப்படையும் இல்லை.

கேடுகளும் உண்டு. இளம் வயதில் டி.எச்.சி. மிகுந்த கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது. சி.பி.டி.யே ஆனாலும் கல்லீரலைச் சோதிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிற இதய நோயாளிக்கு அந்த மருந்தின் அளவையே மாற்றிவிடும். மருத்துவர் கண் பார்வையில் இல்லாமல் இதைத் தொடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மலேசியச் சட்டம்: ஒரு பெரிய சுவர், ஒரு சிறிய கதவு

சுவர் எல்லாருக்கும் தெரியும். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். அதன் 39பி பிரிவில் கடத்தலுக்கு மரண தண்டனை 1975இல் வந்தது, 1983இல் கட்டாயமாயிற்று. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. செடி வளர்ப்பதும் கடுங்குற்றம். சிறையோடு பிரம்படியும் உண்டு. பயன்படுத்தினால் 15ஆவது பிரிவின்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை, அதற்குமேல் கண்காணிப்பு.

2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் கஞ்சா எண்ணெய் வைத்திருந்த ஓர் இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. நோயாளிகளுக்கு உதவத்தான் கொடுத்தேன் என்பது அவர் வாதம். நாடெங்கும் எழுந்த குரலைக் கேட்ட அன்றைய பிரதமர் மகாதீரே தண்டனையையும் சட்டத்தையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்றார். 2023 ஜூலை 4ஆம் தேதி கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது தூக்கா, நீண்ட சிறையா என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது. தூக்கு முற்றாகப் போய்விடவில்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தூக்கிலிடப்பட்டதை நம் சமூகம் மறந்திருக்காது.

கதவு பலருக்குத் தெரியாது. 2021 நவம்பரில் மூவார் எம்.பி. சையட் சாடிக் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டார். அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் எழுத்து மூலம் கொடுத்த பதிலின் சாரம் இது: கஞ்சா கலந்த மருந்தை மருத்துவத்துக்காக இறக்குமதி செய்யவும் பயன்படுத்தவும் நடப்புச் சட்டமே இடம் தருகிறது. அந்தப் பொருளை மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும். இறக்குமதியாளர் உரிமமும் அனுமதியும் பெற வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தம் நோயாளிக்குக் கொடுக்கலாம்; அல்லது அவர் எழுதிய சீட்டைப் பார்த்துப் பதிவு பெற்ற மருந்தாளர் கொடுக்கலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பதிவு செய்ய ஒரு மருந்து நிறுவனம் முன்வர வேண்டும். தரம், பாதுகாப்பு, பலன் மூன்றுக்கும் மருத்துவச் சோதனைச் சான்று கொடுக்க வேண்டும். நம் நாட்டுச் சந்தை சிறியது. போதைப்பொருள் என்ற முத்திரை பெரியது. எந்த நிறுவனம் முதலில் கை வைக்கும்? அமைச்சர்களும் மாறுகிறார்கள். கைரி 2022இல் தாய்லாந்தின் அனுபவத்தைப் படிக்க வேண்டும் என்று பேசினார். ஆண்டு முடிவதற்குள் தேர்தல் வந்து ஆட்சியே மாறியது. சட்டத்தில் இருக்கும் கதவைத் திறக்க ஆள் இல்லை.

மெத்தடோன் காட்டிய வழி

தடைசெய்த வகையைச் சேர்ந்த ஒரு பொருளை அரசே மருந்தாகக் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மலேசியா இதை ஏற்கெனவே செய்துவருகிறது. 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள, அதே அபினி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை, அளந்து, கண்முன்னே கொடுக்கும் சிகிச்சை அது. அடுத்த ஆண்டு ஊசி மாற்றுத் திட்டம் சோதனையாகத் தொடங்கிய மூன்று ஊர்களில் பினாங்கும் ஒன்று. எச்.ஐ.வி. பரவலைத் தடுப்பதே அதன் நோக்கம்.

மெத்தடோன் கொடுக்கும் முகப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயாளி அட்டையைக் கொடுக்கிறார். மருந்தாளர் பதிவேட்டைப் பார்த்துத் திரவத்தைச் சின்னக் குவளையில் அளந்து வைக்கிறார். நோயாளி அங்கேயே குடிக்க வேண்டும். குடித்ததும் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். வாயில் ஒளித்துக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக. பதிவேட்டில் கையெழுத்து. ஆள் நகர, அடுத்தவர் முன்னே வருகிறார். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சடங்கில் மருத்துவரின் கணிப்பு, அளவு, பதிவு, கண்காணிப்பு நான்கும் அடங்கிவிடுகின்றன. ஹட்யாய்க் கடையின் தராசுக்கும் இந்தக் குவளைக்கும் உள்ள இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

அறிவுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல ஆண்டுகளாகக் கெத்தும் இலையை ஆராய்ந்துவருகிறது. கெடா, பெர்லிஸ், பினாங்கு கிராமங்களில் மக்கள் காய்ச்சிக் குடிக்கும் அந்த இலைக்கு வலி தாங்கும் சக்தியைக் கூட்டும் குணம் உண்டா என்று பேராசிரியர் விக்னாசிங்கம் குழுவினர் 26 பேரிடம் முறையாகச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். உலக ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கெத்தும் இலையைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. இங்கே அது இன்னும் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ்தான்.

பாரம்பரிய மருத்துவத்துக்கும் இங்கே சட்ட அங்கீகாரம் உண்டு. 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் தனிப் பிரிவாக இருக்கிறது. பெருநிலத்திலுள்ள கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனை 2007லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. அத்தகைய பிரிவு முதலில் வந்த மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. சித்த மருத்துவத்தில் கஞ்சாவைச் சுத்தி செய்து சேர்க்கும் லேகியங்கள் இருப்பது வைத்தியர்கள் அறிந்ததே. இலங்கையில் ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம், நீதிமன்றங்களில் பறிமுதலான கஞ்சாவைப் பெற்று மருந்து செய்துவந்திருக்கிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூக்களை மட்டுமே கஞ்சா என்று வரையறுத்து, இலையையும் விதையையும் வெளியே விட்டது. அதனால் இலைச் சத்திலிருந்து ஆயுர்வேத மருந்துகள் உரிமத்தோடு தயாராகின்றன. ஆகவே இந்தச் செடியை மருந்தாகக் கையாள இந்த நாடுகள் தத்தம் வழியைக் கண்டிருக்கின்றன. போதைப்பொருளுக்குத் தூக்கு விதிக்கும் சிங்கப்பூர்கூட, வேறு மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளுக்கு, தனித்தனியே பரிசீலித்து, சி.பி.டி. மருந்தை அனுமதித்திருக்கிறது.

எல்லை தாண்டுகிறவர்கள் கவனத்துக்கு

ஹட்யாய் போகிற வாசகர்கள் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தாய்லாந்தில் சட்டப்படி வாங்கிய பொருளுக்கும் மலேசிய எல்லையில் சலுகை இல்லை. அங்கே எழுதிய மருந்துச் சீட்டு இங்கே செல்லாது. மொட்டு மட்டுமில்லை, எண்ணெய், மிட்டாய், பிஸ்கட், தேநீர்ப் பொட்டலம் எதில் டி.எச்.சி. இருந்தாலும் அது போதைப்பொருள்தான்.

அங்கே சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும் சிக்கல் தீராது. டி.எச்.சி.யின் எச்சம் சிறுநீரில் பல நாள் தங்கும். வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு வாரக்கணக்கில் தங்கும். பரிசோதனையில் தெரிந்தால் நடவடிக்கை உண்டு என்று மலேசிய அதிகாரிகள் 2022லேயே எச்சரித்திருக்கிறார்கள்.

தெரியாமல் சாப்பிடுவதுதான் பெரிய ஆபத்து. கஞ்சா இலை போட்ட உணவும் பானமும் அங்கே விற்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் கடையில் இலைப் படம் இருக்கிறதா என்று பார்த்து, கேட்டு வாங்குங்கள். யாராவது வழியில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பினாங்கில் உறவினரிடம் சேர்த்துவிடுங்கள் என்றால் வாங்காதீர்கள். அனுமானத்தைப் பொய் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

கடை வேண்டாம், மருந்தகம் வேண்டும்

பினாங்குக்கு ஹட்யாய்போலக் கஞ்சாக் கடைத் தெரு தேவையில்லை. தாய்லாந்தே அந்த வழியில் போய்ப் பார்த்துத் திரும்பிவிட்டது. நோயாளிக்குத் தேவை ஒரு மருத்துவர், ஒரு சீட்டு, ஒரு மருந்தகம், தரம் சோதித்த ஒரு சீசா. இதற்குச் சட்டத்தை உடைக்க வேண்டியதில்லை. 2021இல் சுகாதார அமைச்சர் சொன்ன வழியில் நடந்தால் போதும்.

நடப்பதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, தனியார் நிறுவனம் வரும்வரை காத்திருக்காமல், வேறு நாடுகளில் ஏற்கெனவே அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்தைக் கடும் வலிப்பு உள்ள குழந்தைகளுக்காகச் சுகாதார அமைச்சே வரவழைக்கலாம். எண்ணிக்கையில் சிலர்தான் இருப்பார்கள். செலவும் அந்த அளவில்தான் இருக்கும். இரண்டாவது, கீமோதெரபிக் குமட்டலுக்கும் மற்ற மருந்துக்கு அடங்காத வலிக்கும் அரசு மருத்துவமனைகளில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கலாம். மெத்தடோன் பதிவேட்டைப்போல் ஒவ்வொரு மில்லியும் கணக்கில் வரட்டும். மிண்டனில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், ரெசிடன்சி சாலையில் பினாங்குப் பொது மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். மூன்றாவது, நோய்க்காக எண்ணெய் வைத்திருந்தவரையும் விற்பனைக்காக வைத்திருந்தவரையும் ஒரே தட்டில் வைக்கும் அனுமானச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். நோயாளியையும் அவருக்கு உதவியவரையும் கடத்தல்காரராக எண்ணும்வரை, எந்த மருத்துவரும் இதைப் பற்றித் தம் நோயாளியிடம் வாய் திறந்து பேசத் தயங்குவார்.

இன்றைய நிலையில் யாருக்கு லாபம் என்று கணக்குப் பாருங்கள். எல்லை தாண்டப் பணமும் உடல்வலுவும் உள்ளவர் போய் வருகிறார். இல்லாதவர் டெலிகிராமில் யாரென்றே தெரியாத ஒருவரிடம், என்ன கலந்தது என்றே தெரியாத எண்ணெயை வாங்குகிறார். படுக்கையில் கிடப்பவருக்கு இரண்டும் இல்லை. தடை கடைகளைத் தடுத்திருக்கிறது, அது சரி. மருந்தையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது, அது சரியில்லை. தீர்வுக்கான சட்டவழி நம்மிடம் இருக்கும்போது, நடக்காமல் நிற்பதற்குச் சுகாதார அமைச்சுதான் நோயாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.